குப்பைமேடும் நில மீட்பும்: கல்முனைக் கரையோரத்தை முன்னிறுத்திய ஒரு நோக்கு

பழந்தமிழில் 'குப்பை' என்னும் சொல் குவியலையே குறித்தது. நெல்லும் உப்பும் குவிந்து கிடந்தபோது அவையும் குப்பை எனப்பட்டன. எருக்குப்பை வயலுக்குத் திரும்பிய வேளாண் வாழ்வில் கழிவுக்கும் செல்வத்துக்கும் இடையே பெருந்தூரம் இருக்கவில்லை. அத்தூரம் எவ்வாறு உண்டாயிற்று என்பதே பழைய குப்பைமேடுகளைச் சீரமைப்பது பற்றிய எந்த ஆய்வுக்கும் முதல் வினாவாகும்.

மண்ணிலிருந்து பெற்றதை மண்ணுக்கே மீளளிக்கும் சுழற்சியை முதலாளித்துவ உற்பத்தி முறிக்கின்றது என மார்க்ஸ் 'மூலதன'த்திற் காட்டினார். இலண்டன் மக்களின் கழிவு வயலை அடையாது, பெருஞ்செலவில் தேம்ஸ் நதியை அசுத்தப்படுத்தியதையே அவர் சான்றாக எடுத்துக்கொண்டார்.

இம்முறிவைக் கல்முனைக் கரையோரத்திற் கண்கூடாகக் காணலாம். கிழக்கே கடல், மேற்கே நெல்வயல். இடைப்பட்ட ஒடுங்கிய மணற்றரையில் மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய ஊர்கள் நெருங்கியமைந்துள்ளன. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின்னர் கழிவகற்றல் பெரும் பிரச்சினையாயிற்று. 2008இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் பள்ளக்காட்டில் ஒரு கழிவு முகாமைத்துவ நிலையம் அமைக்கப்பட்டது. காலப்போக்கில் அவ்விடம் திறந்த குப்பைமேடாகியது. உணவு தேடி வந்த காட்டு யானைகள் பொலித்தீனையும் உண்டன. எட்டாண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்தன என 2022 சனவரியிற் செய்திகள் வெளிவந்தன. கரையோர வீடுகள் கண்ணில் காணாத கழிவை, காட்டோரத்து உழவரும் யானைகளும் அன்றாடம் எதிர்கொள்ள நேர்ந்தது.

பழைய மேட்டைச் சீரமைக்க இரு வழிகள் உண்டு. ஒன்று, மேட்டின் சரிவைச் சீர்செய்து, நீர் புகாப் படலத்தாலும் மண்ணாலும் மூடி, கசிவுநீரையும் மெதேன் வாயுவையும் வெளியேற்றுவது. மற்றையது, மேட்டைப் படிப்படியாக வெட்டி, நீள்வரம்புகளாக அடுக்கி, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்துப் புரட்டி, உலர்ந்தபின் சலித்தெடுப்பது. சென்னைப் பெருங்குடியிற் கைக்கொள்ளப்பட்டது இரண்டாவது முறையே. சலித்தபின் மண், கல், எரிபொருளாகத்தக்க பிளாஸ்ரிக் என அவை பிரியும். அம்மண்ணில் பார உலோகங்கள் கலந்திருக்கக் கூடுமாதலின், பரிசோதியாது அதனை வயலுக்கு இடலாகாது. நீர்மட்டம் உயர்ந்த மணற்றரையிலோ கசிவுநீர் விரைந்து கிணறுகளை அடையும்; அங்கு மேலே மூடுவது மட்டும் போதாது.

எனினும், தொழினுட்பம் தனித்து நின்று விடை தராது. கொழும்பில் 2009இல் புளூமெண்டால் குப்பைமேடு மூடப்பட்டபோது கழிவு மறையவில்லை, மீதொட்டமுல்லையில் வளர்ந்தது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று அம்மேடு சரிந்து 30க்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. தலைநகரின் குப்பைக்குப் புத்தளம் மாவட்டத்து அறுவைக்காடு குறிக்கப்பட்டது. புத்தளம் மக்கள் வீதிக்கிறங்கினர். ஓரிடத்தில் 'மூடல்' எனப்பட்டது, வறியோர் வாழும் பிறிதோரிடத்தில் 'திறப்பு' ஆயிற்று.

சேகரிக்கப்பட்ட கழிவு சபையின் சொத்து என்றே மாநகர சபைகள் கட்டளைச் சட்டமும் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டமும் கூறுகின்றன. உடைமை சபைக்குரியதாயின் அதன் விளைவுக்குரிய பொறுப்பும் சபைக்குரியதே. நம் நாட்டு வீட்டுக் கழிவிற் பாதிக்கு மேற்பட்டது உக்கக்கூடியது. அதனை வீட்டு வாசலிலேயே பிரித்துக் கூட்டெருவாக்கி அயல் வயலுக்கு அனுப்பாத வரை, ஒரு மேட்டைக் கரைக்கும்போதே இன்னொரு மேடு எழும். மேட்டில் பொறுக்கி வாழ்வோரின் பிழைப்பும் சீரமைப்புத் திட்டத்தினுள் இடம்பெறல் வேண்டும்; அவர்களது உழைப்பே இதுகாறும் மேட்டின் வளர்ச்சியைச் சற்றேனும் தடுத்துவந்தது.

மீட்கப்படும் நிலம் யாருக்கு உரியதாகும் என்பது இறுதி வினா. நாற்றத்தை நுகர்ந்தவர்களை அகற்றிவிட்டு அங்கே பூங்காவோ வணிகக் கட்டிடமோ எழுப்பப்படுமாயின், மீட்கப்பட்டது நிலமன்று, நிலத்தின் விலையே என நாம் கொள்ளல் வேண்டும்.