பொருளின் குணம் – 9: எதற்குள் எது?

திண்மத்துக்கு உருவம் உண்டு, கன அளவும் உண்டு. திரவத்துக்குக் கன அளவு மட்டும். வாயுவுக்கு இரண்டுமே இல்லை. சென்ற வாரம் பார்த்த இந்த இலக்கணத்தில் ஷேவிங் நுரையை எங்கே வைப்பது?

உள்ளங்கையில் கொஞ்சம் பிதுக்கிக்கொண்டு கையைச் சாய்த்துப் பாருங்கள். வழியாது. கவிழ்த்தாலும் ஒட்டிக்கொண்டு நிற்கும். விரல் நுனியால் தொட்டு மேலே இழுத்தால் ஒரு கூர் எழும்பி அப்படியே நிற்கும். இதெல்லாம் திண்மத்தின் நடத்தை. ஆனால் அதன் கன அளவில் 90 சதவீதத்துக்கு மேல் வாயு. மிச்சம் சோப்பு கரைந்த தண்ணீர். ஓடக்கூடிய இரண்டு பொருள்கள் சேர்ந்து ஓடாத ஒன்றாகிவிட்டன!

டப்பாவுக்குள் இருக்கும்வரை அது நுரைகூட அல்ல. அழுத்தத்தால் திரவமாக அடைபட்ட பியூட்டேன் போன்ற வாயு, சோப்பு நீருக்குள் நுண்துளிகளாகக் கலந்திருக்கும். மூடியை அழுத்தியதும் வெளியே வரும் துளிகள் ஒவ்வொன்றும் கொதித்துக் குமிழியாகின்றன.

அந்தக் குமிழிகள் ஏன் விறைத்து நிற்கின்றன? ஒரே அளவுள்ள உருண்டைகளைப் பாத்திரத்தில் கொட்டிக் குலுக்கினால், அவை உள்ளே இருக்கும் இடத்தில் சுமார் 64 சதவீதத்தைத்தான் அடைக்கும். மற்றதெல்லாம் இடைவெளி. நுரையில் குமிழிகளின் பங்கு ஏறத்தாழ இந்த அளவுக்குக் கீழே இருந்தால் அவை தனித்தனியே மிதக்கும்; ஊற்றினால் நுரை ஓடும். அளவு தாண்டினால் குமிழிகள் ஒன்றையொன்று நெருக்கும். உருண்டை வடிவம் போய், பக்கங்கள் தட்டையாகி, நடுவே மெல்லிய சோப்புப் படலங்கள் மட்டும் மிஞ்சும். இனி நுரை வழிய வேண்டுமானால் அந்தப் படலங்கள் நீண்டாக வேண்டும். பரப்பு இழுவிசை அதற்கு இடம் கொடுப்பதில்லை. விறைப்பு அங்கிருந்துதான் வருகிறது. கன்னத்தில் தேய்க்கும்போது விசை எல்லை மீறுகிறது. குமிழிகள் பக்கத்துக் குமிழிகளைத் தாண்டி நழுவ, நுரை திரவம்போல ஓடுகிறது. கையை எடுத்ததும் மறுபடி நிற்கிறது.

இந்தப் படலங்களுக்கு ஒரு கண்டிப்பான ஒழுங்கு உண்டு. எப்போதும் மூன்று படலங்கள்தான் ஒரு கோட்டில் கூடும், இடையே 120 பாகை. பெல்ஜியத்தின் கென்ட் நகரப் பேராசிரியர் ழோசப் பிளாட்டோ இதைக் கண்டறிந்து 1873-ல் நூலாக வெளியிட்டார். அப்போது அவர் பார்வையை இழந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. சோதனைகளை வீட்டாரும் மாணவர்களும் செய்து, கண்டதைச் சொல்லச் சொல்ல, அவர் மனத்துக்குள் வடிவங்களைக் கட்டினார். நுரையைப் பற்றி எழுதும்போதெல்லாம் இந்த மனிதர்தான் என் நினைவில் முதலில் வருகிறார்.

நுரையை எங்கே வைப்பது என்ற கேள்விக்குத் திரும்புவோம். பிளஸ் டூ வேதியியல் புத்தகத்தில் கூழ்மங்களுக்கு, அதாவது ஒன்றுக்குள் இன்னொன்று நுண்ணியதாகச் சிதறிய கலவைகளுக்கு, ஓர் அட்டவணை உண்டு. எது சிதறியிருக்கிறது, எதற்குள் சிதறியிருக்கிறது என்று அது கேட்கும். திரவத்துக்குள் வாயு என்றால் நுரை. திண்மத்துக்குள் வாயு என்றால் திண்ம நுரை: தெர்மாகோல், மெத்தை ஸ்பான்ஜ், வெந்த இட்லி. திரவத்துக்குள் திரவம் என்றால் பால்மம். திண்மத்துக்குள் திரவம் என்றால் ஜெல்.

‘திண்மமா, திரவமா’ என்று கேட்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் ஜெல்லிடம் வரும்போது இதுவும் போதவில்லை என்பேன். ஆய்வுக்கூடத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 15 கிராம் அகார் போட்டுக் காய்ச்சி ஆறவிடுகிறார்கள். நோன்பு திறக்கும் நேரத்தில் வைக்கும் கடல்பாசியும் இதே சரக்குதான். அந்தச் சொற்ப அகாரின் இழைகள் வலையாகப் பின்னிக்கொண்டு மொத்தத் தண்ணீரையும் நிறுத்திவிடுகின்றன. தண்ணீர் இங்கே துளித்துளியாகச் சிதறிக் கிடக்கவில்லை. வலையும் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போகிறது, தண்ணீரும் போகிறது. கூழ்ம ஆராய்ச்சியைத் தொடங்கிவைத்த தாமஸ் கிரஹாம் 1861-லேயே கவனித்தது இது: ஜெல்லிக்குள் உப்பு, வெறும் தண்ணீரில் பரவுவதுபோலவே ஏறக்குறைய அதே வேகத்தில் பரவியது. கைக்குத் திண்மம், உப்புக்குத் திரவம். தயிரும் இப்படிப்பட்ட வலைதான், பால் புரதத்தால் ஆனது. கரண்டியால் வெட்டி எடுத்த பள்ளத்தில் கொஞ்ச நேரத்தில் நீர் ஊறி நிற்பது, வலை சுருங்கித் தண்ணீரை வெளியே தள்ளுவதால்.

அகார் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது அடுப்படியிலிருந்துதான். 1881-ல் கிருமியியல் அறிஞர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் பணியாற்றிய வால்டர் ஹெஸ்ஸேவுக்குக் கிருமி வளர்க்கும் ஜெலட்டின் வெயிலில் உருகிப் போனது. அடுப்படியில் அகார் பழகியிருந்த மனைவி ஃபானி, அதைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். அகார் 40 பாகைக்குள் உறையும். உறைந்தபின் 85 பாகை வரை உருகாது. பெரும்பாலான கிருமிகளால் அதைச் செரிக்கவும் முடியாது. காசநோய்க் கிருமி பற்றி 1882-ல் எழுதிய கட்டுரையில் கோக் அகாரைக் குறிப்பிட்டார், ஃபானியின் பெயரைக் குறிப்பிடவில்லை. அது அநியாயம்.

ஜெல்லைக் காயவைத்தால் நீர் பின்வாங்கும்போது வலையையும் இழுத்து நொறுக்கிவிடும். அமெரிக்க வேதியியலாளர் சாமுவேல் கிஸ்ட்லர் இதைத் தவிர்த்தார். ஜெல்லில் இருந்த தண்ணீருக்குப் பதில் ஆல்கஹாலை ஏற்றி, அழுத்தத்தோடு சூடாக்கி, திரவம் வாயு என்ற பேதமே மறையும் வெப்பநிலைக்குக் கொண்டுபோய், பிறகு வாயுவை வெளியே விட்டார். வலை குலையாமல் நின்றது, உள்ளே காற்று. 1931-ல் அவர் அறிவித்த இந்த ஏரோஜெல், அட்டவணைப்படி திண்ம நுரை. ஆனால் அதில் குமிழி ஒன்றுகூடக் கிடையாது. 2004-ல் நாசாவின் ஸ்டார்டஸ்ட் விண்கலம், நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதிய வால்மீன் தூசியை இந்த ஏரோஜெல்லில்தான் பிடித்து, 2006 ஜனவரியில் பூமிக்கு அனுப்பியது.

அடுத்த வாரம்: பற்பசையும் தக்காளி சாஸும்.

(தொடரும்)