ஹீட்டர் மாட்டியதும் ஷவர் சொட்டுகிறதா?

போடிநாயக்கனூர் பக்கமிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "குளிருக்காக 15 லிட்டர் வாட்டர் ஹீட்டர் வாங்கி மாட்டினோம். பச்சைத் தண்ணீர் பழையபடி வருகிறது. வெந்நீரைத் திறந்தால் மட்டும் ஷவரில் நூல் மாதிரி இறங்குகிறது. ஹீட்டருக்கு அடியில் உள்ள வால்வைக் கழற்றிவிட்டால் வேகம் வரும் என்கிறார் பிளம்பர். கழற்றலாமா?"

கழற்றவே கூடாது. மற்ற விஷயங்களைப் பிறகு பார்ப்போம், முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

தண்ணீர் சூடானால் விரியும். 15 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு டம்ளர் அளவுக்குக் கூடிவிடும். எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது அந்த ஒரு டம்ளர் எங்கே போகும்? அதை வெளியே விடத்தான் அந்த வால்வு. அதிலிருந்து அவ்வப்போது சொட்டினால் ரிப்பேர் என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள். அதன் வேலையே அதுதான். சூட்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட் என்றைக்காவது பழுதாகி, வால்வும் இல்லாமல், கேட் வால்வும் மூடியிருந்தால் ஹீட்டர் வெடிக்கும். சூடான தண்ணீரும், டேங்க் காலியாகும்போது ஹீட்டரில் உள்ள தண்ணீரும் பின்னோக்கி இறங்காமல் தடுப்பதும் இதே வால்வுதான். தண்ணீர் இறங்கிவிட்டால் காயில் வெறுமனே காய்ந்து கருகும்.

பிளம்பர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. வால்வுக்குள் சின்ன ஸ்பிரிங் உண்டு. அதைத் தள்ளித் திறக்கவே கொஞ்சம் அழுத்தம் வேண்டும். சொட்டுநீர் போட்டிருப்பவர்களுக்குக் கணக்கு தெரியும்: 10 மீட்டர் உயரம் இருந்தால் ஒரு கிலோ பிரஷர். உங்கள் டேங்க் மொட்டைமாடித் தரையிலேயே உட்கார்ந்திருந்தால், ஷவருக்கும் டேங்க் அடிமட்டத்துக்கும் மூன்று அடி, மிஞ்சினால் நான்கு அடிதான். அதாவது 0.1 கிலோ! பச்சைத் தண்ணீருக்கு நேர்வழி இருப்பதால் அது போதும். வெந்நீரோ வால்வு, ஹோஸ், ஹீட்டர், இன்னொரு ஹோஸ் என்று சுற்றி வர வேண்டும். இருந்த கொஞ்ச வேகமும் வழியிலேயே தீர்ந்துவிடும்.

ஆனாலும் டேங்கைத் தூக்குவதற்கு முன், செலவில்லாத வேலையைப் பாருங்கள். மெயின் போர்டில் ஹீட்டருக்கான சுவிட்சை அணைத்து, தண்ணீர் ஆறியதும் ஆங்கிள் காக்கை மூடுங்கள். ஹீட்டருக்குள் தண்ணீர் போகும் ஹோஸைக் கழற்றி, வாளியில் பிடித்துத் திறந்து பாருங்கள். அங்கேயே வேகம் இல்லையென்றால் குறை ஹீட்டரில் இல்லை. ஆங்கிள் காக் பாதி மூடியிருக்கும், அல்லது உள்விட்டம் குறைந்த ஹோஸாக இருக்கும். வாளியில் நன்றாக வந்தால், அடுத்து வால்வையும் வெந்நீர்ப் பாதையையும் சந்தேகப்படுங்கள். புதிதாகக் குழாய் வேலை நடந்த வீடுகளில் பிவிசி துருவலும் டெஃப்லான் டேப் துணுக்கும் வால்விலோ, சல்லடையிலோ, ஷவர் துவாரத்திலோ போய் அடைத்திருக்கும். சுத்தம் செய்து அதே இடத்தில், வால்வில் உள்ள அம்புக்குறி தண்ணீர் போகும் திசையைக் காட்டும்படி மாட்டுங்கள். தலைகீழாக மாட்டினால் தண்ணீர் வராது. வால்வே கெட்டிருந்தால், ஹீட்டர் கம்பெனி சர்வீஸ் ஆளிடம் அதே அழுத்த அளவுள்ள புதிய வால்வை வாங்கி மாட்டச் சொல்லுங்கள். போர் தண்ணீர் என்றால் ஷவர் துவாரத்தில் உப்பும் படிந்திருக்கும். எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஊறவைத்துத் தேய்த்தால் போகும்.

இதற்குப் பிறகும் வேகம் வரவில்லையென்றால் உயரம்தான் மருந்து. டேங்கை ஆறடி தூக்கினால் அழுத்தம் கிட்டத்தட்ட மூன்று மடங்காகும். தண்ணீரோடு சேர்த்து 1,000 லிட்டர் டேங்க் ஒரு டன்னுக்கு மேல் கனக்கும். அதனால் மேடையைச் சுவரும் பீமும் உள்ள இடத்தில் கட்டுங்கள், நடு ஸ்லாபில் வேண்டாம். டேங்கிலிருந்து இறங்கும் குழாயை ஒரு இஞ்சாகக் கொண்டுவந்து, குளியலறையில் மட்டும் அரை இஞ்சாக்குங்கள். பூஸ்டர் பம்ப் வைப்பதானால் டேங்கிலிருந்து இறங்கும் குழாயில் வையுங்கள். சாதாரண பம்பை வெந்நீர்க் குழாயில் வைத்தால் தாங்காது.

குரங்கணி, போடிமெட்டுப் பக்கம் தோட்டத்து வீடுகளில் நிலைமை நேர்மாறு. மேலே ஓடையிலிருந்து ஓஸ் போட்டுத் தண்ணீர் எடுப்பவர்கள் நிறையப் பேர். ஓடை 300 அடி மேலே இருந்தால், குழாயை மூடியிருக்கும் நேரம் 9 கிலோ பிரஷர் ஹீட்டரில் உட்காரும். பல ஹீட்டர்கள் தாங்கும் அளவு 8 பார், அதாவது கிட்டத்தட்ட 8 கிலோதான். சிலவற்றுக்கு அதைவிடக் குறைவு. ஹீட்டரில் ஒட்டியுள்ள தகட்டிலேயே அது போட்டிருக்கும். ஓஸை நேராக ஹீட்டரில் செருகாமல், வீட்டுக்கு 20, 30 அடி மேலே சரிவில் ஒரு டேங்க் வைத்து, அதில் தண்ணீரை விழவிட்டு இறக்குங்கள். அந்த உயரமே ஷவருக்குத் தாராளம். ஊருக்குள் இருப்பவருக்கு இந்த வசதி ஏது!

மலையிலும் தண்ணீர் திடீரென்று சன்னமாகிவிட்டால், ஓஸ் ஏறி இறங்கும் மேடுகளைப் பாருங்கள். அங்கே காற்று அடைத்துக்கொள்ளும். பாசனக் குழாயில் வைப்பது போலவே மேட்டில் ஒரு காற்றுப்போக்கி வால்வு வைத்தால் போதும். மழைக்குப் பிறகு என்றால் ஓடை முகப்பில் கட்டிய வலையைக் கழற்றி, இலையையும் மணலையும் தட்டிவிடுங்கள்.