பண்டிகைக் கூட்டத்தில் பணப்பையும் நாமும்

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலையில் மும்பை தாதர் நிலையத்தின் மேற்கு வாசலில் இறங்கியவர்களுக்குக் கூட்டம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. தில்லியின் சாந்தினி சௌக், கொல்கத்தாவின் படா பஜார், சென்னையின் ரங்கநாதன் தெரு என்று இடம் மாறலாம். தோளோடு தோள் உரசி நகரும் நெரிசல் மாறுவதில்லை. கையில் போனஸ், கண்ணெதிரே தள்ளுபடி அறிவிப்பு, இடுப்பில் குழந்தை. நம் கவனம் நான்கு திசையில் சிதறியிருக்கும் அந்த நேரத்தில் திருடனின் கவனம் மட்டும் ஒரே இடத்தில் குவிந்திருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் மாட்டுங்கா பகுதிக் கிளையொன்றில் நாங்கள் பணியாற்றியபோது, தீபாவளி விடுமுறை முடிந்த காலையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். சனிக்கிழமை மாலை கடைவீதியில் அவரது கைப்பையைக் கீறி, உள்ளிருந்த பணப்பையை எடுத்துவிட்டார்கள். பற்று அட்டையின் உறையிலேயே ரகசிய எண் எழுதப்பட்டிருந்தது. அன்றிரவே 20,000 ரூபாயும் மறுநாள் நண்பகலில் இன்னொரு 20,000 ரூபாயும் ஏ.டி.எம். வழியே போய்விட்டன. “பேங்க் லீவாயிற்றே, யாரிடம் சொல்வது என்று இருந்துவிட்டேன்” என்றார் அவர். அட்டையை முடக்கும் தொலைபேசிச் சேவை இரவு பகலாக இயங்குவதை அவர் அறிந்திருக்கவில்லை. சனிக்கிழமை இரவே அழைத்திருந்தால் பாதித் தொகையேனும் மிஞ்சியிருக்கும். எங்களால் ஆறுதல் சொல்ல முடிந்ததே தவிர, பணத்தைத் திருப்பித் தர முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்பதை ஒவ்வொரு வாடிக்கையாளரும் அறிந்திருப்பது நல்லது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை இதற்கான வரையறையைத் தந்தது. ரகசிய எண்ணை வெளியிடுவது போன்ற வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேரும் இழப்பு, வங்கிக்குத் தகவல் தரும் வரை வாடிக்கையாளரையே சாரும். தகவல் தந்த பிறகு நேரும் இழப்பை வங்கி ஏற்கும். தவறு வங்கியுடையதும் அன்று, வாடிக்கையாளருடையதும் அன்று என்ற நிலையில், வங்கியின் அறிவிப்பு கிடைத்து மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் வாடிக்கையாளருக்கு இழப்பே இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்கள் என்றால் அவரது பொறுப்புக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஆக, தகவல் தரும் நேரமே இங்கே பணத்தின் விதியைத் தீர்மானிக்கிறது.

எனவே வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே பாதுகாப்புத் தொடங்க வேண்டும். எல்லா அட்டைகளையும் சுமந்து செல்லாமல் ஒன்றை மட்டும் எடுத்துச் செல்வோம். அட்டையை முடக்குவதற்கான எண் அட்டையின் பின்புறம்தான் அச்சாகியிருக்கிறது. அட்டை தொலைந்தால் எண்ணும் தொலைகிறது. அதனால் அதைக் கைப்பேசியிலும், வீட்டில் ஒரு தாளிலும், உடன் வருபவரின் கைப்பேசியிலும் குறித்து வைப்போம். தட்டிச் செலுத்தும் வசதியுள்ள அட்டையில் 5,000 ரூபாய் வரையிலான தொகைக்கு ரகசிய எண் தேவையில்லை, கண்டெடுத்தவருக்கும் தேவையில்லை. அந்த வசதியை நிறுத்தவோ, வரம்பைக் குறைக்கவோ வங்கியின் செயலியிலேயே வழி உண்டு. திரும்பி வந்தபின் பழையபடி மாற்றிக்கொள்ளலாம்.

கடையில் பணம் செலுத்தும்போது அட்டையை ஊழியரிடம் கொடுத்தனுப்பாமல், கருவியை நம்மிடம் கொண்டுவரச் சொல்வோம். எண்ணை அழுத்தும் கையை மறு கையால் மறைப்போம். கியூஆர் குறியீட்டைப் பதிவு செய்ததும் திரையில் தோன்றும் பெயர் கடைக்காரருடையதுதானா என்று பார்த்த பின்பே யுபிஐ ரகசிய எண்ணை இடுவோம். பணம் பெறுவதற்கு அந்த எண் ஒருபோதும் தேவையில்லை. “மீதிப் பணம் வர எண்ணைப் போடுங்கள்” என்று எவரேனும் சொன்னால் அது மோசடியே. கணக்கில் பணம் கழிந்து, கடைக்குச் சேரவில்லை என்றால் பதற்றத்தில் உடனே மறுமுறை செலுத்த வேண்டாம். முதலில் செயலியில் பரிவர்த்தனையின் நிலையைப் பார்ப்போம். கடைக்குச் சேராத யுபிஐ தொகை, பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும் என்பதும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு என்பதும் ரிசர்வ் வங்கி 2019-இல் வகுத்த விதி.

அட்டை தொலைந்துவிட்டால் முதல் அழைப்பு வங்கிக்கு. காவல் நிலையம் அதற்கு அடுத்தது. புகார் எண்ணைக் குறித்துக்கொள்வது கட்டாயம். கைப்பேசியும் போயிருந்தால் உடன் வந்தவரின் கைப்பேசியிலிருந்து வங்கியையும், சிம் நிறுவனத்தையும் அழைப்போம். இணையவழி மோசடியில் பணம் போனால் 1930 என்ற தேசிய உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

பணத்தைவிடப் பெரியது உயிர். 2017 செப்டம்பர் 29, தசராவுக்கு முந்தைய நாள். மும்பையில் பரேல், எல்பின்ஸ்டன் சாலை நிலையங்களை இணைத்த நடைமேம்பாலத்தின் படிகளில் ஏற்பட்ட நெரிசலில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். நகரும் கூட்டத்தில் கீழே விழுந்த பொருளை எடுக்கக் குனிய வேண்டாம். நெருக்கம் கூடினால் எதிர்த்துத் தள்ளாமல், கூட்டத்தோடு நகர்ந்தபடியே சாய்வாக ஓரத்தை நாடுவோம். குழந்தையின் சட்டைப்பைக்குள் நம் கைப்பேசி எண் எழுதிய சீட்டு ஒன்று இருக்கட்டும்.

அந்த ஆசிரியை இன்றும் எங்கள் வாடிக்கையாளர். அடுத்த தீபாவளிக்குக் கிளைக்கு வந்தவர், தம் புதிய அட்டையின் உறையை எங்களிடம் எடுத்துக் காட்டினார். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.