பையில்லாமல் ஒரு நடை

"நான் நடக்காத நடையா டாக்டர்? விடிஞ்சதிலிருந்து ராத்திரி பாலை உறை குத்துகிற வரைக்கும் வீட்டுக்குள்ளேயே நடந்துகிட்டுதானே இருக்கேன்!"

ரத்த அழுத்தமோ சர்க்கரையோ லேசாக எட்டிப் பார்த்து, 'தினம் நடங்கம்மா' என்று டாக்டர் சொன்னதும் நம்மில் முக்கால்வாசிப் பேர் சொல்கிற பதில் இது. பொய் இல்லைதான். ஆனால் அந்த நடையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பத்தடி வைப்பதற்குள் குக்கர் விசில். திரும்பினால் காலிங் பெல். அப்புறம் தண்ணீர் மோட்டார். கால் அலுத்துப் போகிறதே தவிர, மூச்சு ஒரே சீராக ஏறி, உடம்பு சூடு பிடிக்க வழியே இல்லை. பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் மிதமான வேகத்தில் உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மிதமான வேகம் என்றால் என்ன? நடக்கும்போது பக்கத்தில் வருகிறவரோடு பேச முடியவேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. அவ்வளவுதான் அளவுகோல். தினம் அரை மணி, வாரத்துக்கு ஐந்து நாள்.

வெளியே போனாலும் நாம் வெறுங்கையோடு போவதில்லை. மார்க்கெட்டுக்குப் பை, ஸ்கூலுக்குக் குழந்தையின் பை, கோயிலுக்கு அர்ச்சனைக் கூடை. வெண்டைக்காய் முற்றலா இளசா என்று பார்த்துக்கொண்டே போவது நடையில் சேர்த்தியா? பங்குனியில் அறுபத்துமூவர் உற்சவத்தன்று மயிலாப்பூர் மாட வீதிகளில் நம் பெண்கள் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். முழங்கால் வலி என்று ஒருத்தர் வாய் திறக்க மாட்டார். கை வீசி, நாலு பேரோடு சேர்ந்து, பார்க்க ஏதாவது இருக்கிற இடத்தில் நடந்தால் நடை பாரமே இல்லை.

அப்படிப்பட்ட இடங்களுக்கு மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் இருப்பவர்கள் கொடைக்கானலுக்கா போகவேண்டும்? ஓர் ஆறு, அது கடலில் சேருமிடம், நீளமான மணற்கரை, ஒரு நிஜக்காடு எல்லாம் நம் வாசலிலேயே இருக்கின்றன!

எனக்கு மிகவும் பிடித்தது பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையிலிருந்து வடக்கே அடையாறு முகத்துவாரம் வரை போகிற நடை. பெரம்பூரிலிருந்து மயிலாப்பூர் வழியாக வரும் 29சி பஸ்ஸில் பெசன்ட் நகரில் இறங்கி, கடற்கரைக்கு வந்தால் மணலில் வெள்ளை வளைவோடு ஒரு சிறு மண்டபம் தெரியும். சினிமாக்களில் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்காகக் கட்டியதில்லை. 1930ல் இங்கே அலையில் சிக்கிய ஒருவரைக் காப்பாற்றப் போய்த் தானே மூழ்கிப்போன கார்ல் ஷ்மிட் என்ற டேனிஷ்காரரின் நினைவுச் சின்னம். குழந்தைகளுக்கு இந்தக் கதையை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நம் கடல் பார்க்கத்தான் சாது. கரையை ஒட்டியே சட்டென்று ஆழமாகிற இடங்கள் உண்டு. திரும்பிப் போகிற அலை காலடி மணலையும் சேர்த்து உருவிக்கொண்டு போகும். கணுக்கால் நனைந்தால் போதும், முழங்கால் வேண்டாம். நீந்தத் தெரிந்தவர்களுக்கும் இதே கட்டுப்பாடுதான்.

மண்டபத்திலிருந்து வடக்கே ஊரூர் குப்பம், ஆல்காட் குப்பம் வழியாக ஒன்றரைக் கிலோமீட்டர் சுமார் நடந்தால் உடைந்த பாலம் வந்துவிடும். காலையில் ஏழு மணிக்குள் போனால் கட்டுமரமும் ஃபைபர் படகும் கரை ஏறியிருக்கும், வலையிலிருந்து மீனை உதறிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் வேலை செய்கிற இடம் அது. வலையை மிதிக்காமல் சுற்றிப் போங்கள், கேட்காமல் கைபேசியில் படம் எடுக்காதீர்கள். 'என்ன மீன் அண்ணே?' என்று கேட்டால் சந்தோஷமாகவே சொல்வார்கள்.

உடைந்த பாலம் 1967ல் மீனவர்கள் ஆற்றைக் கடப்பதற்காகக் கட்டியது. 1977ல் ஆறு ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போய்விட்டது. மீதி அப்படியே நிற்கிறது. அதன் மேலே ஏறவேண்டாம். கம்பி துருத்திக்கொண்டு, கான்கிரீட் பெயர்ந்து கிடக்கிறது. கீழே நின்று பார்த்தாலே போதும். தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ஆதனூர் ஏரியில் புறப்பட்டு, செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீரையும் சேர்த்துக்கொண்டு 42 கிலோமீட்டர் ஓடி வருகிற அடையாறு இங்கேதான் கடலைத் தொடுகிறது. தொடுகிறது என்று சொல்கிறேனே, கோடைக்காலத்தில் போனால் நடுவில் மணல் மேடு அடைத்துக்கொண்டு ஆறு குளம் மாதிரி தேங்கி நிற்கும். வருஷத்தில் பெரும்பாலான மாதங்களில் கடல் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே மணலைத் தள்ளிக்கொண்டே போவதால் இப்படி. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளம் வந்து வாயைத் திறந்துவிடும். 2015 டிசம்பரில் அந்த வெள்ளம் என்ன செய்தது என்று கோட்டூர்புரத்துக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இந்த மணல் நகர்வதில் இன்னொரு வேடிக்கை. 1875ல் அடிக்கல் நாட்டிக் கட்டப்பட்ட சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் அப்படிப் போகிற மணலைத் தடுத்து நிறுத்திவிட்டன. தெற்கே மெரினா அகலமாகிக்கொண்டே வந்தது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. நாம் சுண்டல் தின்ன உட்காருகிற அந்த மணல் வடசென்னையின் பங்கு!

முகத்துவாரத்தில் பறவை பார்க்கலாம். கொக்கும் நீர்க்காகமும் எப்போதும் இருக்கும். சிவப்புக் குச்சிக்கால் வைத்துக்கொண்டு நிற்கிற நெடுங்கால் உள்ளானைக் காட்டினால் நாலு வயதுக் குழந்தைகூட அசையாமல் பார்க்கும். மார்கழி, தை மாதங்களில் வடக்கேயிருந்து வந்த விருந்தாளிப் பறவைகளும் சேர்ந்துகொள்ளும். ஆற்றில் சாக்கடை கலப்பதால் நாற்றம் வரும், மறைப்பானேன்? காற்று கடலிலிருந்து அடிக்கும்போது தெரியாது. அந்தத் தண்ணீரில் குழந்தைகள் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆற்றங்கரையோடு உள்ளே நடந்து போகலாமே என்று தோன்றும், அதற்குச் சரியான பாதை கிடையாது. வந்த வழியே திரும்புவதுதான் உத்தமம்.

முழங்கால் வலிக்காரர்கள் மணலில் நடக்கலாமா? எங்கள் எதிர் வீட்டு அக்கா இதைக் கேட்காத நாளில்லை. காய்ந்த மணல் புதையும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். அலை நனைத்துவிட்டுப் போன ஈர மணல் கெட்டியாக இருக்கும், அதில் நடந்தால் சுகம். ஆனால் கரை கடல் பக்கம் சரிவாக இருப்பதால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் இருக்கும். போகும்போது பள்ளத்தில் இருந்த கால் வரும்போது மேட்டுக்கு வந்துவிடும், அதனால் போன தூரமே திரும்பவும் நடந்தால் இடுப்புக்குச் சமமாகிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் ஜாஸ்தி. வற்றும் நேரத்தில் போனால் ஈர மணல் அகலமாகக் கிடைக்கும். நிஜமாகவே மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் சாலையோர நடைபாதையிலேயே தெற்கே வேளாங்கண்ணி மாதா கோயில் வரை போய்விட்டுத் திரும்பலாம். இன்னும் கொஞ்சம் தள்ளினால் 1976ல் குடமுழுக்கு நடந்த அஷ்டலட்சுமி கோயில்.

சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு மணலில் இறங்கவே கூடாது. கிளிஞ்சல் கீறினாலும் சில பேருக்குத் தெரியாது, இரண்டு நாள் கழித்துப் புண்ணாகத்தான் தெரியும். காலை மூடுகிற செருப்போ கான்வாஸ் ஷூவோ போடுங்கள். புடவைக்குக் கீழே ஷூவா என்று எங்கள் தெருவில் ஒரு வாரம் சிரித்தார்கள், பிறகு அவர்களே எங்கே வாங்கினீர்கள் என்று விசாரித்தார்கள். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் இடுப்பில் நாலு கல்கண்டு முடிந்துகொள்ளுங்கள். நடுக்கமும் வியர்வையும் திடீரென்று வந்தால் உட்கார்ந்து வாயில் போட்டுக்கொள்ள.

மயிலாப்பூர்க்காரர்களுக்குச் சாந்தோம் பக்கம்தான் கிட்டே. கலங்கரை விளக்கத்திலிருந்து மெரினா நடைபாதையில் வடக்கே போகலாம். அந்த உலாவும் சாலையைப் போட்டு, மெரினா என்று பெயரும் வைத்தவர் 1880களில் கவர்னராக இருந்த கிராண்ட் டஃப். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 2022 நவம்பரில் மணல்மேல் மரப்பாதை ஒன்று போட்டார்கள். சக்கர நாற்காலியில் இருக்கிற மாமியாரைக்கூட அலை பக்கம் வரை அழைத்துப் போக வழி பிறந்தது. மரப்பாதையை அடுத்த மாதமே மாண்டஸ் புயல் பெயர்த்துவிட, மறுபடி சரி செய்தார்கள்.

வெயில் ஆகாது, நிழல் வேண்டும் என்பவர்களுக்குக் காடு இருக்கிறது. அடையாற்றின் தென்கரையில் பிரம்மஞான சபை, 1882ல் அவர்களுடைய தலைமையிடம் இங்கே வந்தது. ஏறக்குறைய 260 ஏக்கர் தோப்பு. உள்ளே இருக்கும் பெரிய ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989ல் புயலில் சாய்ந்துவிட்டது. விழுதுகள் தண்டாகி மரம் இன்னமும் நிற்கிறது. பார்வையாளர்களை விடுகிற நேரம் குறைவு, விடுமுறை நாட்களும் உண்டு. போனில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். தின்பண்டம், பந்து எல்லாம் அங்கே சரிப்படாது.

தி.நகர்க்காரர்கள் மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன் கிண்டி. அங்கிருந்து பஸ்ஸில் காந்தி மண்டபத்தில் இறங்கிக்கொள்ளலாம். 1956ல் திறந்த அந்த மண்டபத்தைச் சுற்றி மரங்கள் அடர்ந்திருக்கும், நடக்கப் பாதைகளும் உண்டு. பக்கத்திலேயே சிறுவர் பூங்கா, பாம்புப் பண்ணை. அதற்குப் பின்னால் 1978ல் தேசியப் பூங்காவாக அறிவித்த 2.7 சதுர கிலோமீட்டர் காடு. புள்ளிமானும் வெளிமானும் இருக்கிற காடு ஊருக்கு நடுவில் எத்தனை பட்டணத்தில் உண்டு? காட்டுக்குள் நம் இஷ்டத்துக்கு நுழைய முடியாது, சிறுவர் பூங்கா வரைதான். அதுவும் போதும். குரங்குகள் உண்டு, பிஸ்கட் பாக்கெட்டை வெளியே காட்டாதீர்கள்.

இப்போது நாம் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயத்துக்கு வருகிறேன். வெளியே கிளம்புகிறோம் என்றாலே நாம் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறோம். காரணம் உங்களுக்கே தெரியும். சென்னை வெயிலில் அப்படி இருந்தால் தலைவலி, மயக்கம். நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் அடிக்கடி வந்து நிற்கும். கிளம்புவதற்கு ஒரு மணி முன்னால் இரண்டு தம்ளர் குடித்து, வீட்டிலேயே போய்விட்டு வாருங்கள். முதல் தடவை போகும்போதே கழிப்பறை எங்கே இருக்கிறது, எந்நேரம் திறக்கிறார்கள் என்று பார்த்து வையுங்கள். திரும்பி வந்ததும் உப்புப் போட்ட நீர்மோர். இருமினால், வேகமாக நடந்தால் சிறுநீர் கசிகிறது என்று நடையையே விட்ட பெண்களும் இருக்கிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு பலருக்கு வருவதுதான் அது, இடுப்புத் தசைப் பயிற்சியால் பெரும்பாலும் குறையும். கூச்சப்படாமல் லேடி டாக்டரிடம் சொல்லுங்கள்.

கைக்குழந்தைக்காரர்கள் தள்ளுவண்டியை மணலில் இறக்கினால் சக்கரம் புதைந்து அவதிதான். நடைபாதையில் தள்ளலாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வெயில் நாளிலும் தண்ணீர் கொடுக்க வேண்டாம், கூட ஒரு தடவை தாய்ப்பால் கொடுத்தால் சரி. சிசேரியன் ஆனவர்கள் எப்போது வேக நடை ஆரம்பிக்கலாம் என்பதை டாக்டரைக் கேட்டே முடிவு செய்யுங்கள்.

ஜூனில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் விடிந்துவிடும், ஜனவரியில் ஆறரை ஆகும். வெளிச்சம் வந்த பிறகே கிளம்புங்கள். தனியாக வேண்டாம், மூன்று பேராகச் சேர்ந்துகொள்ளுங்கள். சேர்ந்து போனால் 'இன்னிக்கு வேண்டாமே' என்ற சோம்பலுக்கும் இடமிருக்காது. கழுத்தில் மஞ்சள் சரடு மட்டும் போதும், தாலிச் சங்கிலி பீரோவில் இருக்கட்டும். நாய் துரத்தினால் ஓடாமல் அப்படியே நில்லுங்கள். நாலு நாள் தொடர்ந்து போனால் வீட்டில் காப்பியை அவர்களே போட்டுக்கொள்ளப் பழகிவிடுவார்கள் என்பது என் அனுபவம். டிகாக்‌ஷனை மட்டும் இறக்கி வைத்துவிட்டுப் போங்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். ஒரு தாய் நூறு முட்டை சுமார் இடும், பொரிய ஒன்றரை மாதம் ஆகும். 1988லிருந்து சென்னை மாணவர்கள் ராத்திரி முழுக்க நீலாங்கரையிலிருந்து நடந்து முட்டைகளைப் பத்திரப்படுத்துகிறார்கள். 2025 ஜனவரியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்துக் கரை ஒதுங்கியதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். அந்த ராத்திரி நடை ஏழு கிலோமீட்டர், எல்லாராலும் ஆகாது. ஆனால் குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பங்குனி, சித்திரை மாலை வேளைகளில் பெசன்ட் நகரிலேயே பார்க்கலாம். ஆறு மணிக்கு முன்பே போய்விடுங்கள். அவர்கள் போட்ட கயிற்றுக்கு இப்பால் நில்லுங்கள். டார்ச்சும் கைபேசி விளக்கும் கூடாது, வெளிச்சம் பார்த்துக் குஞ்சுகள் கடலை விட்டு நம் பக்கம் திரும்பிவிடும்.