நாரி நோவும் நிறைத் தராசும்

காலையில் பாடசாலை வாங்கு, பின்னேரம் ரியூசன் வகுப்பு, இரவில் கைப்பேசி. திருகோணமலையில் உயர்தரம் படிக்கிற பிள்ளைக்கும், கோணேசபுரியிலுள்ள பல்கலைக்கழக வளாகத்துக்குப் போகிற மாணவருக்கும் பகற்பொழுதில் பெரும்பகுதி இருந்தபடியே கழிகிறது. கொஞ்சம் பருத்த பிள்ளை “நாரி நோகுது” என்றால், “முதலில உடம்பைக் குறை” என்பதுதான் வீட்டில் உடனே வரும் பதில். அது எவ்வளவு சரி?

நாரிப் பகுதியில் ஐந்து முள்ளென்புகள் உண்டு. தசைகளை நீக்கிவிட்டு எலும்புகளையும் அவற்றைப் பிணைக்கும் இணையங்களையும் மட்டும் ஆய்வுகூடத்தில் சோதித்தபோது, சுமார் 9 கிலோ சுமைக்கே அப்பகுதி வளைந்து சரிந்தது. உயிருள்ள உடம்பில் அதை நிமிர்த்தி வைப்பவை தசைகளே. பாய்மரத்தை நாற்புறமும் இழுத்து நிறுத்தும் கயிறுகளைப் போல.

நிறை எங்கே சேர்கிறது என்பதும் முக்கியம். முள்ளந்தண்டுக்கு 10 சென்ரிமீற்றர் முன்னே வயிற்றில் 10 கிலோ கூடுகிறது என்று வைப்போம். முள்ளந்தண்டுக்குப் பின்னே 5 சென்ரிமீற்றரில் இருக்கும் தசை, அந்தச் சுமையைச் சமன் செய்ய 20 கிலோ விசையுடன் இழுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து 30 கிலோவாக முள்ளென்பிடைத் தட்டை அழுத்தும்.

கணக்கு இப்படிப் பயமுறுத்தினாலும், மனிதரிடம் செய்த ஆய்வுகள் அவ்வளவு கடுமையாகப் பேசவில்லை. 2000ஆம் ஆண்டில் 65 ஆய்வுகளை ஒருங்கே பார்த்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒன்றில்தான் நிறைக்கும் நாரி நோவுக்கும் தெளிவான தொடர்பு தெரிந்தது; அதுவும் மெல்லிய தொடர்பு. 2010இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு, உடற்பருமன் உள்ளவர்களிடம் இந்த நோ ஓரளவு கூடுதலாக இருப்பதைக் காட்டியது. நோவால் அசைவு குறைந்து நிறை கூடியவர்களும் இதில் இருக்கலாம். ஆசியர்க்கு உடற்திணிவுச் சுட்டி 23ஐத் தாண்டினால் நீரிழிவு, இதயநோய் குறித்துக் கவனம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாரி நோவுக்கு அப்படியொரு எல்லைக்கோடு கிடையாது. மெலிந்த பிள்ளைக்கும் அது வரும்.

கால் விறைத்தாலோ பலமிழந்தாலோ, சலம் போவதில் சிரமம் வந்தாலோ, நோவோடு காய்ச்சல் இருந்தாலோ தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மற்றப்படி நாரி நோ பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். அதுவரை படுத்துக் கிடப்பதைவிட நடமாடுவதே நல்லது. அரைமணிக்கொருமுறை எழும்பலாம், பின்னேரம் உப்புவெளிக் கடற்கரையில் நடக்கலாம், முதுகுக்கும் வயிற்றுக்கும் பயிற்சி செய்யலாம். நிறை குறைய மாதக்கணக்காகும்; தசைக்கு வேலை கொடுப்பதை இன்றைக்கே தொடங்கலாம்.