கட்டுப் பிரித்த பிறகும் கை எரிகிறதா?

வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிவது நம் வீடுகளில் அபூர்வமான சங்கதியல்ல. மாவுக்கட்டுப் போடுகிறார்கள், ஐந்தாறு வாரத்தில் பிரிக்கிறார்கள், எலும்பு கூடிவிட்டதென்று எக்ஸ்ரே படமும் சொல்லுகிறது. பெரும்பாலோருக்குக் கதை அத்துடன் முடிந்தது. சிலருக்கோ அப்போதுதான் ஆரம்பம்!

கையில் கங்கை வைத்தாற்போல் எரிச்சல். புடவைத் தலைப்பு உரசினாலும் உயிர் போகிறது. கை வீங்கி, ஒரு சமயம் சிவந்து சுடுகிறது. மறு சமயம் நீலம் பாரித்துச் சில்லிடுகிறது. வியர்வையும் நகமும்கூட மாறுகின்றன. விரல்கள் மடங்க மறுக்கின்றன.

மதுக்கரையில் ஒரு வீட்டில் இப்படி நேர்ந்ததென்று வைத்துக்கொள்ளுங்கள். "இன்னும் எரியுதுங்க அத்தை" என்று மருமகள் சொன்னால், "கட்டுப் பிரிச்சு மூணு வாரமாச்சே, இன்னுமென்ன அம்மிணி?" என்றுதானே மாமியார் கேட்பார்? வேலைக்குக் கள்ளம் என்று வீடே நினைக்கும். வலியைவிட அந்த நினைப்பு அதிகம் சுடும்.

நடிப்பு அல்ல

அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடிபட்ட சிப்பாய்களிடம் இந்த எரிவலியைக் கண்டு, வெய்ர் மிட்செல் என்ற டாக்டர் தம் சகாக்களுடன் 1864-லேயே எழுதி வைத்தார். 1900-ல் ஜெர்மானிய சர்ஜன் ஸூடெக், இந்நோயில் எலும்பும் மெலிவதைக் காட்டினார். 'காம்ப்ளெக்ஸ் ரீஜனல் பெயின் சிண்ட்ரோம்' என்ற நீண்ட பெயர் 1994-ல் வந்தது. ஆண்களைவிடப் பெண்களையே இது அதிகம் பிடிக்கிறது. திருடன் போன பின்பும் கூச்சலை நிறுத்தாத காவற்காரனைப் போல, காயம் ஆறிய பின்பும் நரம்புகள் அபாயக்குரல் எழுப்புகின்றன. அவ்வளவுதான்!

பொத்தி வைக்காதீர்கள்

வலிக்கிறதே என்று கையைத் தூளியில் தொங்கவிட்டால் மூட்டு இறுகும். கையைப் பற்றி மூளையில் உள்ள சித்திரமும் மங்கும். ஆகவே டாக்டர் தரும் மருந்துடன் பிஸியோதெரபியும் அவசியம். முதலில் பஞ்சு, பிறகு பட்டு, பிறகு துண்டு என்று மெதுவாகத் தொட்டுப் பழக்குவார்கள். கிண்ணத்து அரிசிக்குள் விரலை அளையச் சொல்வார்கள். பலகையைப் பிரஷ்ஷால் தேய்ப்பது, சிறு சுமையுள்ள பையைத் தூக்கி நடப்பது என்ற பயிற்சியை 1987-ல் அமெரிக்கக் கை வைத்தியர்கள் வெளியிட்டார்கள். பாத்திரம் தேய்த்துக் காய்கறிப் பை சுமக்கும் நமக்கு அது புதிதா என்ன?

வெடுக்கென்று இழுத்து உருவி விடுவதும், ஐஸ் வைப்பதும் கூடாது. சிறிது சிறிதாக, ஆனால் தினந்தோறும் செய்ய வேண்டும்.

கண்ணாடி செய்யும் ஜாலம்

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், கலிபோர்னியாவில் 1990-களில் ஓர் எளிய உபாயம் கண்டார். கையிழந்தவர்களுக்கு, இல்லாத கையிலேயே வலி இருக்கும். நடுவே ஒரு கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்தபடி அசைக்கச் சொன்னார். இல்லாத கை அசைவதாக மூளை நம்பியது; பலருக்கு வலி தணிந்தது.

எரிவலிக்கும் இதை இங்கிலாந்தின் பாத் நகரில் சோதித்து, 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். சோதனைக்கு வந்தவர்கள் எட்டே பேர். நோய் கண்டு எட்டு வாரத்துக்குள் வந்தவர்களுக்கு வலி குறைந்தது. இரண்டு வருஷம் கடந்தவர்களுக்குக் குறையவில்லை.

ஆகையால் சகோதரிகளே, நாள் கடத்த வேண்டாம். கட்டுப் பிரித்த பின் எரிச்சலும் வீக்கமும் வளர்ந்தால், உடனே கட்டுப் போட்ட டாக்டரிடமே போய்க் காட்டுங்கள். மதுக்கரையிலிருந்து கோவைக்குப் பஸ் ஏறினால் எலும்பு நிபுணருக்கும் பிஸியோதெரபிக்கும் பஞ்சமில்லை. மாமியார்மார்களுக்கு ஒரு வார்த்தை: மருமகள் வலி என்றால் நம்புங்கள், கூடவே துணைக்கும் போய் வாருங்கள்!