சீருடையைக் கழற்றிய பிறகு



மெட்டுகுடாவில் விடியற்காலையில் நடந்திருக்கிறீர்களா? ரயில்வே குடியிருப்புகளின் ஓரமாக, முதுகு வளையாமல், கைகளை வீசி நடந்து வரும் ஒரு பெரியவரை நீங்கள் கண்டிருப்பீர்கள். மழித்த முகம், மெருகேற்றிய காலணி. இளமையில் ராணுவத்தில் இருந்தவர். பின்பு காவல்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். இப்பகுதியில் இத்தகையோர் பலர். நாம் வணக்கம் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அவர் மனதில் இருப்பதைக் கேட்பதில்லை.

இந்த மண்ணுக்கும் சீருடைக்கும் பழைய உறவு உண்டு. 1798ஆம் ஆண்டு நிஜாம் ஆங்கிலேயருடன் செய்த உடன்படிக்கையின்படி இங்கே படை முகாம் அமைந்தது. 1806இல் அது சிக்கந்தர் ஜாவின் பெயரால் செகந்திராபாத் ஆயிற்று. சென்னைப் படையோடு தமிழரும் வந்தனர். பின்னர் 1893இல் லாலாகுடா ரயில் பணிமனை எழுந்தது; இன்னும் பல குடும்பங்கள் பிழைப்பு தேடி வந்தன. இன்று மெட்டுகுடாவின் மேல் மெட்ரோ ரயில் ஓடுகிறது. ஆனால் நம் பாட்டனார் பலர் இங்கு வந்தது படையைப் பின்தொடர்ந்தோ, இருப்புப் பாதையைப் பின்தொடர்ந்தோதான்.

இந்த ஊர் நாட்டுக்குத் தந்த ஒரு படைவீரரை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். அவர் பீட்டர் தங்கராஜ். 1935இல் ஹைதராபாத்தில் பிறந்தார். செகந்திராபாத்தின் உள்ளூர்க் கழகங்களில் கால்பந்து ஆடிய அந்த நெடிய இளைஞர் ராணுவத்தில் சேர்ந்தார். நீலகிரியில் வெலிங்டனிலுள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் பயிற்சி மையமே அவரை உருவாக்கிற்று. முன்வரிசையில் நின்று கோல் அடிக்க விரும்பியவரைக் கோல் காக்கும்படி பின்னால் நிறுத்தினார்கள். அவர் முறுமுறுக்கவில்லை, அந்த இடத்தையே தம்முடையதாக்கிக்கொண்டார். அவருடைய அணி 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஆகிய இரு ஒலிம்பிக் போட்டிகளுக்கும் அவர் சென்றார்.

1962இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு நடைபெற்றது. இந்திய அதிகாரி ஒருவர் கூறிய கருத்தினால் ஊர் மக்கள் இந்தியர்மேல் கோபங்கொண்டிருந்தனர். தங்கராஜ் காய்ச்சலில் விழுந்தார். இடையிலே நடந்த ஆட்டங்களில் வேறொருவர் கோல் காத்தார். ஆயினும் தென் கொரியாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்திற்குப் பயிற்சியாளர் தங்கராஜையே அழைத்தார். அரங்கமெல்லாம் எதிர்த்துக் கூச்சலிட, இந்தியா 2-1 என்ற கணக்கில் தங்கப்பதக்கம் வென்றது. அந்தப் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம்; ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியை நாடறியச் செய்தவர். அப்போதே புற்றுநோயினால் நலிந்திருந்த அவர் 1963 ஜூனில் காலமானார். காவல்துறை அணியை வளர்த்தவரும் ராணுவத்தில் வளர்ந்தவரும் ஒரே ஊரிலிருந்து சென்று ஒன்றாய் நின்ற நாள் அது.

ஆனால் வாசகரே, நான் சொல்ல வந்தது வெற்றியைப் பற்றியல்ல. அதற்குப் பின் வந்த ஆண்டுகளைப் பற்றி. ராணுவத்தை விட்டபின் தங்கராஜ் கல்கத்தாவின் பெரிய கழகங்களில் ஆடினார்; 1967இல் அர்ஜுனா விருது பெற்றார். ஆடும் காலமும் முடிந்தது. பின்பு பொகாரோ எஃகு நகரத்திற்குச் சென்று இளைஞருக்குப் பயிற்சி அளித்தார். கூட்டமும் ஆரவாரமும் இல்லாத அவ்விடத்திலேயே 2008 நவம்பரில் மறைந்தார். தாம் பெற்றதைப் பிறருக்குக் கொடுப்பதே அவருடைய பிற்காலப் பணியாயிருந்தது.

நம்மிடையே உள்ள பெரியவர்களுக்கும் அந்த நாள் வருகிறது. சிப்பாயாகச் சேர்ந்தவர் 15 ஆண்டுகள் பணிபுரிந்தால் ஓய்வூதியத்துக்கு உரியவர். நாற்பது வயதுக்குள்ளாகவே வீடு திரும்புகிறவர் அநேகர். முன்னாள் படைவீரருக்கான ஒதுக்கீட்டில் காவல்துறையில் சேர்ந்து மீண்டும் காக்கி உடுத்துகிறார். அறுபதை ஒட்டி அதுவும் கழன்றுவிடுகிறது. கட்டளைக்குக் கீழ்ப்பட்டும் கட்டளையிட்டும் பழகியவருக்கு அடுத்த நாள் காலையில் செய்ய ஒன்றுமில்லை. வீட்டாரை அதட்டுகிறார், அல்லது ஒரேயடியாக மௌனமாகிறார். அது கோபமல்ல, வெறுமை. மருமகளே, பேரப்பிள்ளைகளே, இதை அறிந்து அவரிடம் பொறுமையாயிருங்கள்.

பெரியவரே, உம்மிடமும் ஒரு வார்த்தை. உமது பணி ஆவணங்களை மனைவிக்குக் காண்பித்திருக்கிறீரா? ஓய்வூதிய ஆணையில் அவருடைய பெயரும் பிறந்த தேதியும் சரியாக உள்ளனவா? ராணுவ ஓய்வூதியம் பெற்றுக்கொண்டே அரசுப் பணியில் மறுபடியும் சேர்ந்தவர் இறந்தால், முன்பு குடும்பத்திற்கு ஒரு குடும்ப ஓய்வூதியமே கிடைத்தது. 2012 செப்டம்பர் 24 முதல் ராணுவத்தின் குடும்ப ஓய்வூதியத்தோடு, பிந்திய பணிக்கு உரியது இருந்தால் அதையும் பெறலாம். இதை அறியாத விதவைகள் இருக்கக்கூடும். 2003இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் அட்டை மனைவிக்கும் உண்டா என்று பாரும். இவற்றை ஒரே உறையில் வைத்து, எங்கே இருக்கிறதென்று சொல்லிவிடும். வீட்டாரைக் காப்பதும் காவல் பணியே.

வேதத்தில் கொர்நேலியு என்னும் நூற்றுக்கு அதிபதியைக் குறித்து வாசிக்கிறோம். அவர் எந்தப் போரில் வென்றார் என்று அங்கே சொல்லப்படவில்லை. அவருடைய ஜெபமும், வீட்டாரும், ஏழைகளுக்கு அவர் செய்த தருமங்களுமே நினைவுகூரப்பட்டன.

ஆகையால் வாசகரே, நாளைக் காலை அந்தப் பெரியவரைக் காணும்போது வணக்கத்தோடு கடந்துபோகாதிருங்கள். காவலர் தேர்வுக்கு ஆயத்தப்படும் உங்கள் மகனை அவரிடம் அழைத்துச் செல்லுங்கள். "ஐயா, இவனுக்கு ஓடக் கற்றுக்கொடுங்கள்" என்று கேளுங்கள். மகன் ஓடக் கற்றுக்கொள்வான். பெரியவருக்கும் விடிந்தால் எழுந்து செல்ல ஓர் இடம் இருக்கும்.